மாமி விளிச்ச பேரு

பாளையங்கோட்டை
12 ஜனவரி 2025

அக்காவுக்கு,

நான் ஜெனித். கையெழுத்தைக் கண்டதும் கிழிச்சுப் போடாம இதுவரைக்கும் வாசிச்சிருந்தா மிச்சத்தையும் வாசிச்சிரு.

இஞ்ச போன் பேச விடுவாங்க. ஒனக்க பழைய நம்பருக்குப் போட்டுப் போட்டு அலுத்துட்டேன். அப்படி ஒரு நம்பரே இல்லன்னு ஒரு பொம்பளை சத்தம் சொல்லுது. இந்த விலாசம் வக்கீல் முருகதாஸ் சார் தந்தது. ஐகோர்ட்டில எனக்காகப் பேச சர்க்கார் வச்சுத் தந்த வக்கீல். தூக்குன்னு நாகர்கோவில் கோர்ட்டு எழுதினாலும், மதுரையில ஐகோர்ட்டு சரின்னு சொன்னாத்தான் போடமுடியுமாம். அதுவரைக்கும் நான் உண்டு.

தனி ரூம். லைட்டை அணைக்கமாட்டாங்க. நான் ஏதாவது செஞ்சுகிடக்கூடாதுன்னு ஒரு வார்டர் எப்பவும் பாத்துட்டே இருப்பாரு. கொல்லப் போற ஆளை இப்படிக் காவல் காக்கிறதை நினைச்சா சிரிப்பு வருது. அப்புறம் சிரிப்பு நிக்கமாட்டேங்குது.

விசயத்துக்கு வாறேன். நானும் வினோஜும் ஒண்ணாத்தான் நீ வேலைக்கு நின்ன செல்வதாஸ் மாமாவுக்க மெடிக்கலுக்குள்ள கேறினோம். ஒரே மாத்திரைக்காகத்தான் கேறினோம். மாமாவை அடிச்சது வினோஜ்னு கோர்ட்டே எழுதியிருக்கு. அவனுக்கு ஆயுள். பூங்கனி மாமியை அடிச்சது நான்னு எழுதியிருக்கு. எனக்குத் தூக்கு. நான் இல்ல, அதுவும் வினோஜ்தான்னு எத்தனை தடவை சொன்னேன்! ஒருத்தரும் கேக்கல்ல. ஏன்னா நீ கூண்டில நின்னு சொல்லிட்டே.

"அன்னைக்கு எனக்க தம்பி வீட்டுக்கு வந்து, 'மாமி எனக்க பேரை விளிச்சாங்க, அதான்'னு சொன்னான்." இதுதான் நீ சொன்னது. அந்த 'அதான்' இருக்குல்லா, ஜட்ஜ் அதைப் பிடிச்சுகிட்டாரு. ஆளை அடையாளம் தெரிஞ்சுபோச்சு, அதனால கொன்னான்னு பக்கம் பக்கமா எழுதிட்டாரு. நீ அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தா நானும் வினோஜை மாதிரி ஆயுளோட நின்னிருப்பேன்.

இன்னும் நேரம் இருக்கு. பயத்துல சொல்லிட்டேன், சரியா ஓர்மை இல்ல, போலீஸ் சொல்லித் தந்ததுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வக்கீல்ட்ட குடு. அவரு இதைக் கேக்கச் சொல்லல்ல. நான் கேக்கேன். அம்மை போன பிறகு எனக்குச் சோறு போட்டது நீதானே. இதையும் செய்யி.

ஜெனித்

*

மணவாளக்குறிச்சி
2 பிப்ரவரி 2025

ஜெனித்,

ஒனக்க கடிதம் வந்த அன்னைக்கே வாசிச்சாச்சு. பதில் எழுத உக்காரும்போதெல்லாம் கை வரல்ல.

நம்பர் மாத்தினது ஒனக்குப் பயந்து இல்ல. முகம் தெரியாத ஆளுங்க விளிச்சுக் கெட்ட வார்த்தை பேசினாங்க. புது நம்பர் தரமாட்டேன். ஒனக்க சத்தம் கேக்க எனக்குத் தெம்பில்ல. எழுது, வாசிக்கேன்.

நம்ம வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு வந்துட்டேன். வாசல்ல நின்னா சபைக் கல்லறைத் தோட்டம் தெரியும்லா. மாமாவையும் மாமியையும் மதிலை ஒட்டினாப்புல அடக்கியிருக்கு. காலைல கதவைத் திறந்தா முதல்ல கண்ணுல படுதது அந்த ரெண்டு சிலுவையும்தான். ஆளுங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஆராதனையில நான் இருக்கிற பெஞ்சுல மட்டும் வேற யாரும் வந்து இருக்கமாட்டாங்க. அவ்வளவுதான்.

இஞ்ச ஒரு ரூம் எடுத்து இருக்கேன். மெடிக்கல்ல நின்னு பழகின எனக்கு இனி ஒரு மெடிக்கல்லயும் வேலை கிடைக்காது. அண்டி ஆபீஸுக்குப் போறேன். முந்திரிக்கொட்டையை உடைச்சு உடைச்சு அதுக்க எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்துபோச்சு. பக்கத்துல இருக்கிற பொம்பளைங்க ஊரு கேட்டா மார்த்தாண்டம் பக்கம்னு சொல்லி வைக்கேன். தம்பி உண்டான்னு கேட்டா இல்லன்னு சொல்லுதேன்.

அன்னைக்கு என்ன நடந்ததுன்னு ஒனக்கு ஓர்மைப்படுத்தட்டா? நீ நனைஞ்சு வந்தே. கிணத்தடியில நின்னு கையைக் கழுவிட்டே இருந்தே. என்ன லே ஆச்சுன்னு கேட்டேன். நீ அதைச் சொன்னே. எனக்குப் புரியல்ல. ஜங்ஷன்ல கூச்சல் கேட்டு ஓடிப்போய்ப் பாத்தப்போதான் புரிஞ்சுது. திரும்பி வந்து பாத்தா நீ இல்ல. மாமிக்க சங்கிலியோட களியக்காவிளையில பிடிச்சாங்க உங்க ரெண்டு பேரையும். என்னை ஸ்டேஷன்ல உக்கார வச்சு, "பின்கதவு தாழ்ப்பாள் உடைஞ்சு கெடக்குன்னு அவனுக்கு நீதானே சொன்னே?"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. நான்தான் சொன்னேன். மாமா அதைச் சரியாக்காம நாளைக் கடத்துதாருன்னு ராத்திரி சோறு தின்னும்போது ஒனக்கிட்ட கதையாச் சொன்னேன். நீ மீன்முள்ளை எடுத்துப் போட்டுட்டு கேட்டுட்டு இருந்தே.

கூண்டில நான் நிக்கும்போது ஜெனிலா முன்பெஞ்சில இருந்தா. அப்பாவையும் அம்மையையும் ஒரே நாள்ல மண்ணுக்குள்ள வச்சுட்டு, பெங்களூர்ல நர்சிங் படிப்பை விட்டுட்டு வந்து இருந்தா. அவ முகத்தைப் பாத்துட்டு நான் எதை விழுங்க?

சரி, நான் பேப்பர் எழுதித் தாறேன். அதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லு. மாமியை அடிச்சது யாரு? நீ இல்லன்னு எனக்கு எழுது. போலீஸுக்கோ ஜட்ஜுக்கோ சொன்ன மாதிரி இல்ல. எனக்கு எழுது.

ஜெமி

*

பாளையங்கோட்டை
9 மார்ச் 2025

அக்கா,

நீ கேட்டது எனக்குச் சரியா ஓர்மை இல்ல. அன்னைக்கு நான் நிதானத்துல இல்ல. ரெண்டு நாளா மாத்திரை கிடைக்காம எலும்புக்குள்ள எறும்பு ஊருத மாதிரி இருந்துச்சு. எல்லாம் மங்கலாத்தான் இருக்கு. வினோஜ்தான் செய்திருப்பான்.

நீ ஓர்மைப்படுத்தினேல்லா, நானும் ஓர்மைப்படுத்துதேன். திருவனந்தபுரத்துல டைல்ஸ் வேலைக்கு நின்னப்போ சாரம் சரிஞ்சு விழுந்தேன். இடுப்பு போச்சு. கத்தாருக்கு வந்த விசாவும் போச்சு. ராத்திரி நான் கெடந்து அலறினப்போ மாத்திரை கொண்டு வந்து தந்தது யாரு? முதல்ல டாக்டர் சீட்டுக்கு. சீட்டு முடிஞ்ச பிறகும் நீ கொண்டு வந்தே. "இன்னும் ஒரு வாரம் தின்னு மக்கா, வலி மாறட்டும்"னு சொன்னே. அந்த வாரம் முடியவே இல்ல. வலி எப்பவோ மாறிப் போச்சு, மாத்திரை இல்லாம இருக்கத்தான் முடியல்ல.

மாமா கண்டுபிடிச்சு ஒன்னைத் திட்டின பிறகு நீ நிறுத்திட்டே. நான் கடைக்கே வந்து கெஞ்சினேன். எல்லாரும் பாக்க மாமா சொன்னாரு: "சீட்டு இல்லாம இந்த மாத்திரை எனக்க மகளே வந்து கேட்டாலும் தரமாட்டேன். ஆஸ்பத்திரில போய்ச் சேரு, நான் கூட வாறேன்." அவரு நல்லதுக்குத்தான் சொன்னாரு. அன்னைக்கு எனக்கு அப்படிக் கேக்கல்ல. அப்புறம்தான் வினோஜ் வந்தான். அவனுக்கிட்ட எப்பவும் உண்டு. அவனுக்கும் வரத்து நின்னப்போ மாமாவுக்க அலமாரி ரெண்டு பேருக்கும் ஓர்மைக்கு வந்துச்சு.

இப்போ மாத்திரை இல்ல. ஸ்டேஷன்ல கெடந்தே அந்த வேதனையெல்லாம் தின்னு முடிச்சேன். உடம்பு சுத்தமாயிட்டு. சுத்தமான உடம்பைத்தான் தொங்க விடப் போறாங்க.

நீ எழுதித் தருவியா மாட்டியா?

ஜெனித்

*

மணவாளக்குறிச்சி
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர்

ஜெனித்,

மாத்திரையைச் சொல்லி என்னைக் குத்தினே. குத்து. அது எனக்குள்ள ஏற்கெனவே இருக்குது, நீ புதுசா வைக்கவேண்டாம்.

ஒனக்க வாழ்க்கையை விசாரிச்சு ஐகோர்ட்டுக்கு எழுதிக் குடுக்க ஒரு பெண்பிள்ளை வந்தா. சின்ன வயசுல எப்படி இருந்தான், எப்போ வேலைக்குப் போனான், எப்படி இதுல மாட்டினான்னு கேட்டா. எல்லாம் சொன்னேன். சாரத்துல இருந்து விழுந்ததையும், சீட்டு இல்லாம நான் கொண்டு வந்ததையும் சொன்னேன். எழுதி வாசிச்சுக் காட்டினா, கையெழுத்துப் போட்டேன். அது உண்மை, அதனால தந்தேன். நீ கேட்ட மத்த பேப்பரை நான் தரமாட்டேன். ஓர்மை இல்லன்னு நீ எழுதினப்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒனக்கு ஓர்மை இல்லாத காரியம்னு ஒண்ணு சின்னதிலேயே கிடையாது.

இன்னைக்கு விடியக்காலம் நம்ம ஊருக்குப் போனேன். எல்லாரும் கல்லறைத் தோட்டத்துல மெழுகுதிரி கொளுத்திட்டு நின்னாங்க. எல்லாரும் போகட்டும்னு நான் மதில் பக்கம் ஒதுங்கி நின்னேன். ஜெனிலாவும் போகாம நின்னா. கண்டுட்டா. திட்டுவான்னு நினைச்சேன். கிட்ட வந்து, "அக்கா, திரி வச்சிருக்கியளா? எனக்குப் பத்தல்ல"ன்னு கேட்டா. குடுத்தேன்.

திரியைக் கொளுத்தி வச்சுட்டுப் பேசினா. திரும்பவும் படிக்கப் போறாளாம். வீட்டையும் கடையையும் விக்கப் போறாளாம், யாரும் வாங்க வரல்லன்னு சொன்னா. பிறகு என்னைப் பாக்காம கேட்டா: "அம்மை கடைசியா என்ன பேசினான்னு அவனுக்குத் தெரியும்லாக்கா? பேரை விளிச்சான்னு கோர்ட்டில சொன்னிய. பேரை மட்டுமா விளிச்சா? வேற ஒண்ணும் சொல்லல்லியா? நான் அன்னைக்குக் காலைல அம்மைக்க போனை எடுக்கல்ல. கிளாஸ்ல இருந்தேன். அதான் கேக்கேன்."

ஜெனித், உலகத்துல அதுக்குப் பதில் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்தன். இல்லன்னா வினோஜ். நீ அங்க இல்லவே இல்லன்னா வினோஜ்ட்ட கேக்கச் சொல்லுதேன்.

ஜெமி

*

பாளையங்கோட்டை
18 மே 2025

அக்கா,

நீ என்ன கேக்கேன்னு தெரிஞ்சுதான் கேக்கியா?

இஞ்ச இருந்து போற கடிதம் எல்லாம் ஆபீஸ்ல வாசிச்சுட்டுத்தான் போகும். முதல்ல எழுதினப்போ எனக்கு அது தெரியாது. வக்கீல் சாரு வந்தப்போ கேட்டேன். "கேஸைப் பத்தி ஒரு வரி எழுதாதே. மாமியை அடிச்சது நீ இல்லன்னுதான் நான் பேசப் போறேன். நீ எழுதி வச்சா எனக்க வாயை நீயே அடைச்ச மாதிரி"ன்னு சொன்னாரு. நான் கயித்தைக் கையில பிடிச்சு எனக்க கழுத்தில மாட்டணும், அதுதானே ஒனக்கு வேணும்?

நீ அண்டி ஆபீஸ்ல இருந்து கதவைத் திறந்து வெளிய போலாம். பஸ் ஏறலாம். மண்டைக்காட்டுக் கடலைப் பாக்கலாம். எனக்கு இந்த ரூமும் எனக்க தலைக்குள்ள இருக்கிற ரூமும் மட்டும்தான் உண்டு. இதுல ஒண்ணைப் பூட்டி வச்சாத்தான் மத்ததுல இருக்க முடியும். அதைத் திறக்கச் சொல்லாதே.

பக்கத்து ரூம்ல ஒரு வயசான ஆளு இருந்தாரு. அவருக்குத் தூக்கை மாத்தி ஆயுள் ஆக்கின ஆர்டர் வந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் அவரு சாப்பாடு வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஏன்னு யாருக்கும் தெரியல்ல.

ஜெனிலாட்ட எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு.

ஜெனித்

*

மணவாளக்குறிச்சி
1 ஜூன் 2025

ஜெனித்,

எழுதாண்டாம். நீ சொன்னது எனக்குப் புரியுது. கேட்டது தப்பு. உயிர் போற காரியத்துல ஒன்னை இழுத்துட்டேன்.

ஜெனிலாட்ட போன்ல சொன்னேன், அவன் சொல்லமாட்டான்னு. "சரிக்கா"ன்னா. கொஞ்சம் கழிச்சு, "அம்மை பயந்துட்டே செத்தாளான்னு மட்டும்தான் எனக்குத் தெரியணும். ராத்திரி படுத்தா அந்த ஒண்ணுதான் வருது"ன்னா. பிறகு டூட்டின்னு சொல்லிட்டு வச்சுட்டா.

நீ ஒடம்பைப் பாத்துக்கோ.

ஜெமி

*

பாளையங்கோட்டை
29 ஜூன் 2025

அக்கா,

இதை வார்டர் வாசிப்பாரு, ஆபீசர் வாசிப்பாரு, முத்திரை குத்தித்தான் ஒனக்கு வரும். தெரிஞ்சுதான் எழுதுதேன்.

நிதானம் இல்லன்னு சொன்னது பொய். எல்லாம் ஓர்மை உண்டு.

அன்னைக்கு மழை. கடை அடைச்சு மாமா மத்தியானம் படுக்கிற நேரம். வியாழக்கிழமை, மாமி பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருப்பாங்கன்னு நினைச்சோம். மழையினால போகல்ல. நீ சொன்ன பின்கதவு வழியாத்தான் கேறினோம். கடையை ஒட்டின வீட்டுக்குள்ள வழியாக் கடைக்கு வந்து, வினோஜ் அலமாரியை நெம்பினான். பெட்டியை எடுத்து நான் பையில போட்டுட்டு நின்னேன். சத்தம் கேட்டு மாமா எழும்பி வந்தாரு. "லே, யாருலே?"ன்னு கேட்டாரு. வினோஜ் ஷட்டர் இழுக்கிற கம்பியை எடுத்து அடிச்சான். மாமா விழுந்துட்டாரு. வினோஜ் கம்பியைப் போட்டுட்டு வீட்டுப் பக்கம் ஓடினான்.

நானும் ஓடியிருக்கலாம். ஓடல்ல. அதுக்குள்ள மாமி அடுக்களையில இருந்து வந்துட்டாங்க. வினோஜை அவங்க காணல்ல. என்னைத்தான் கண்டாங்க.

"ஜெனித்தா? மக்கா, மாமாவுக்கு என்னாச்சு? விழுந்துட்டாரா?"

நான் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்திருக்கேன்னு நினைச்சாங்க அக்கா. எனக்க கையைப் பிடிச்சு இழுத்தாங்க. "பிடி மக்கா, தலையைப் பிடி. ஆட்டோவுக்கு விளி"ன்னாங்க. நானும் உக்காந்தேன். மாமாவுக்க தலையை மடியில வச்சுப் பிடிச்சேன். அவங்க முந்தானையால ரத்தத்தைத் துடைச்சாங்க. எனக்க முகத்தைப் பாத்தாங்க. பாத்துட்டு, "பயப்படாதே மக்கா, ஒண்ணும் ஆகாது"ன்னு எனக்குச் சொன்னாங்க. அதுதான் கடைசி. அதைச் சொல்லிட்டுத் தண்ணி எடுக்கத் திரும்பினாங்க.

கம்பி பக்கத்துல கெடந்துச்சு. யாரும் எனக்க கையில தரல்ல. நான்தான் எடுத்தேன்.

வினோஜ் திரும்பி வந்து பாத்துட்டு, "என்ன லே செஞ்சே?"ன்னு அழுதான். சங்கிலியை நான்தான் கழத்தினேன். அதையும் நீ தெரிஞ்சுக்கோ.

அடையாளம் சொல்லுவாங்கன்னு நினைச்சு அடிச்சேன்னு ஜட்ஜ் எழுதினாரு. அந்த நினைப்பே இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அதுக்கு மேல ஒண்ணு இருந்துச்சு. தண்ணியோட திரும்பி வரும்போது அவங்க கண்ணுல எனக்க தோள்ல கெடக்கிற பை படும். உடைஞ்ச அலமாரி படும். அவங்களுக்குத் தெரிஞ்சுபோகும். என்னைப் பாத்து 'மக்கா'ன்னு சொன்ன அந்த முகம் மாறும். அது மாறுததை நான் பாக்கணும். அதைப் பாக்க எனக்கு முடியாதுன்னு தோணிச்சு. வேற ஒண்ணும் தோணல்ல. கிணத்தடியில நின்னு நான் ஒனக்குச் சொன்னது அதைத்தான். நீ கேட்டதை அப்படியே கோர்ட்டில சொன்னே. ஒரு எழுத்து கூட்டல்ல, குறைக்கல்ல.

ஜெனிலாட்ட சொல்லு, அவளுக்க அம்மை பயப்படல்ல. இதைக் கேட்டா அவளுக்கு ஆறுதலா, கூடுதல் வேதனையான்னு எனக்குத் தெரியல்ல. நீ பாத்து, தாங்குவான்னு தோணிச்சுன்னா சொல்லு.

வக்கீல் சாருக்கும் சொல்லியனுப்பியாச்சு. வினோஜ் தலையில மாமியைப் போட்டு இனி பேசாண்டாம்னு.

ஜெனித்

*

மணவாளக்குறிச்சி
27 ஜூலை 2025

ஜெனித்,

வாசிச்சுட்டு ரூமுக்கு வெளிய போய்ப் படியில உக்காந்துட்டேன். வேலைக்குப் போகல்ல. ஒன்னை நான் தூக்கிச் சுமந்திருக்கேன் லே. பள்ளிக்கூடத்துக்கு இடுப்புல வச்சுக் கொண்டுபோயிருக்கேன். அந்த உடம்பு எழும்பி ஒரு கம்பியை எடுத்திருக்குன்னு நினைக்க நினைக்க எனக்கு எனக்க இடுப்பையே வெட்டிப் போடணும்போல இருந்துச்சு.

போன்ல சொல்லக்கூடிய காரியமா இது? பெங்களூருக்கு ரயில் ஏறினேன். ஜெனிலாவுக்க ஹாஸ்டல் பக்கத்துல ஒரு பேக்கரியில உக்காந்து சொன்னேன். பையைப் பத்தியும் கம்பியைப் பத்தியும் அவ கேக்கல்ல. மாமி சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னா. சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னா. வாங்கி வச்ச சாயா ஆறிப்போச்சு.

"அம்மை அப்படித்தான்"னா. "கடைக்கு ஊசி போட்டுக்கிட வாற பிள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லுவா. வலிக்கும்னு தெரியும், ஆனாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவா."

எழும்பிப் போனா. கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா. நான் அங்கேயேதான் இருந்தேன்.

"அக்கா, அவனைத் தூக்குல போடணும்னு நான் தினமும் ஜெபம் பண்ணிட்டு இருந்தேன். இனி எதுக்கு ஜெபம் பண்ணணும்னு எனக்குத் தெரியல்ல. அவன் சாகணும்னு கோர்ட்டில போய்ச் சொல்லமாட்டேன். சாகாண்டாம்னும் சொல்லமாட்டேன். அவனுக்கிட்ட எனக்க பேரைச் சொல்லி ஒண்ணும் சொல்லாதீங்க. நன்றின்னோ மன்னிச்சிட்டான்னோ நீங்களா எழுதிராதீங்க."

அவ சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன். இது மன்னிப்பு இல்ல, கேட்டியா? அவ அதைத் தரல்ல. நானும் தரல்ல. அது எனக்கிட்ட இருக்கான்னே தெரியல்ல.

முருகதாஸ் சார் விளிச்சாரு. ஒம்மேல நல்ல கோபத்துல இருந்தாரு. பிறகு அவரே ஆறி, "இனி உயிரை மட்டும் கேப்போம்மா. குற்றத்தை மறுக்கமாட்டேன்"னு சொன்னாரு. கேஸ் வாற நாள் அவருக்கே தெரியல்ல. காத்திருக்கணும். நீயும் நானும் செய்ய வேற என்ன இருக்கு?

ஜெமி

*

பாளையங்கோட்டை
12 அக்டோபர் 2025

அக்கா,

வக்கீல் சார் ஒனக்குச் சொல்லியிருப்பாரு. தூக்கை எடுத்துட்டாங்க. முப்பது வருஷம், ஒரு குறைப்பும் கிடையாது. வயசு, சாரத்துல இருந்து விழுந்தது, மாத்திரையில சிக்கினது, குற்றத்தை ஒத்துகிட்டது, எல்லாத்தையும் எடுத்துச் சொல்லியிருக்காங்க. ஆனா செஞ்சது எவ்வளவு பெரிய கொடுமைன்னும் எழுதியிருக்காங்க. அந்தப் பக்கத்தை நான் ரெண்டு தடவை வாசிச்சேன்.

சந்தோஷமான்னு இஞ்ச எல்லாரும் கேக்காங்க. தலையாட்டுதேன். உள்ள ஒண்ணும் அசையல்ல. சாவு வரும் வரும்னு ஒரு வாசலையே பாத்துட்டு இருந்தேன். அந்த வாசலைச் சுவர் வச்சு அடைச்சுட்டாங்க. இனி எந்தப் பக்கம் பாக்கணும்னு தெரியல்ல. பக்கத்து ரூம் பெரியவரு ஏன் சாப்பாட்டை வேண்டாம்னாருன்னு இப்போ கொஞ்சம் விளங்குது.

தனி ரூம்ல இருந்து மாத்திட்டாங்க. முற்றத்துல ஒரு வேப்பமரம் நிக்கி. முதல் நாள் கிட்டப் போகப் பயமா இருந்துச்சு. இவ்வளவு பெருசா ஒண்ணைப் பாத்து நாளாச்சுல்லா. அடுக்களையில காய் வெட்டுத வேலை. ராத்திரி நிறைய ஆளுங்களோட படுக்கணும். எல்லாரும் தூங்கின பிறகு மாமிக்க குரல் வரும். முன்னால அது வந்ததில்ல. எழுதினதுக்குப் பிறகுதான் வருது.

நீ இஞ்ச வராண்டாம். வரணும்னு நான் கேக்கவும் இல்ல.

ஜெனித்

*

மணவாளக்குறிச்சி
2 நவம்பர் 2025

ஜெனித்,

தீர்ப்பு பேப்பர்ல வந்துச்சு. ஒனக்க போட்டோவும் போட்டிருந்தாங்க. அண்டி ஆபீஸ்ல ஒரு பொம்பளை சாப்பாட்டுப் பொதி மடிச்ச பேப்பர்ல பாத்துட்டு எனக்க மூஞ்சியையும் பாத்தா. "ஏட்டி, இது ஒனக்க ஆளா?"ன்னு கேட்டா. இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். "தம்பி"ன்னு வந்துட்டு. மறுநாள் என்னைச் சுத்தி இருந்தவங்க எல்லாரும் கூடையைத் தூக்கிட்டுத் தள்ளிப்போய் உக்காந்தாங்க. சபையில அந்தப் பெஞ்சு மாதிரியேதான். நான் வேலையை விடல்ல. எங்க போக?

தூக்கு இல்லன்னு கேட்ட அன்னைக்கு நான் அழுதேன். எதுக்குன்னு கேக்காதே. அழுது முடிச்சதும் மாமிக்க முகம் வந்துச்சு, அழுததுக்கு வெக்கமாப் போச்சு. இப்படித்தான் இருக்கு எனக்க நாள். ஒரு பக்கம் சாஞ்சா மறுபக்கம் இழுக்கும்.

அடுத்த சனிக்கிழமை வாறேன். இவ்வளவு நாள் வராதது நீ வராண்டாம்னு சொன்னதுக்காக இல்ல, சொல்லாம இருந்திருந்தாலும் இப்போதான் வந்திருப்பேன்.

ஜெமி

*

பாளையங்கோட்டை
23 நவம்பர் 2025

அக்கா,

நீ வந்துட்டுப் போன பிறகு நிறைய நேரம் நான் அந்த இடத்தை விட்டு எழும்பல்ல. வார்டர் வந்து தட்டித்தான் எழுப்பினாரு.

எவ்வளவு நாளா ஒன்னைப் பாக்கல்ல! கூண்டில பாத்ததுதான். அன்னைக்கு நீ என்னைப் பாக்கவே இல்ல. இந்தத் தடவை கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு நேராப் பாத்தே. ஒனக்க கையைக் கண்டேன். விரல் எல்லாம் நீ எழுதினதை விட மோசமா இருக்கு.

ஒரே நேரத்துல அத்தனை ஆளு நின்னு கத்தினா யாருக்கு என்ன கேக்கும்? எனக்குப் பக்கத்துல நின்னவன் அவனுக்க பெண்டாட்டிக்கிட்ட பால்காரனைப் பத்திக் கத்திட்டு இருந்தான். நீ வாயை அசைச்சது தெரிஞ்சுது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னே. நான் தலையை ஆட்டினேன். கேக்கல்லன்னு சொன்னா நீ கோபிச்சுட்டுப் போயிருவியோன்னு பயந்து ஆட்டினேன். அப்புறம் மணி அடிச்சுட்டாங்க. நீ சேலையால முகத்தைத் துடைச்சுட்டுத் திரும்பிப் போனே.

அன்னையில இருந்து அதையே யோசிச்சுட்டு இருக்கேன். ஜெனிலா ஏதாவது சொல்லிவிட்டாளா? இனி வரமாட்டேன்னு சொன்னியா? எதுவா இருந்தாலும் எழுது. நான் தலையாட்டினதைப் பெருசா எடுக்காதே, எனக்கு ஒண்ணுமே கேக்கல்ல.

ஜெனித்

*

மணவாளக்குறிச்சி
7 டிசம்பர் 2025

ஜெனித்,

பஸ்ல வரும்போது ஒனக்கிட்ட சொல்லணும்னு நிறைய யோசிச்சு வச்சிருந்தேன். திட்டணும்னு கொஞ்சம். கேக்கணும்னு கொஞ்சம். மாமி பேரைச் சொல்லி ஒன்னை அழவைக்கணும்னுகூட நினைச்சிருந்தேன். நீ அந்தக் கதவு வழியா வந்து நின்னதும் எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல்ல.

நான் சொன்னது பெரிய காரியம் ஒண்ணும் இல்ல. ஜெனிலா சொன்னதும் இல்ல.

"மெலிஞ்சு போனியே லே"ன்னுதான் சொன்னேன்.

ஜெமி